காட்ஸில்லாவின் காலடித் தடம்

எங்கள் ஊர் தேவதானம். இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில், சேத்தூரை அடுத்த ஊர். மேற்கே தலை நிமிர்ந்தால் மலை. மலையடியில் வயல்கள், தென்னந்தோப்புகள், மாந்தோப்புகள். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் தாத்தா என்னை எழுப்பித் தோப்புக்கு அழைத்துச் சென்றார். நான்கு தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்தன. வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் வட்ட வட்டமாகத் தடங்கள். இரவில் மலையிலிருந்து யானை இறங்கியிருந்தது.

தாத்தா கோபப்படவில்லை. இடுப்பிலிருந்த தென்னங்கயிற்றை எடுத்து, ஒரு முன்னங்கால் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்தார். நாலேகால் அடி வந்தது. "இதைப் போல இன்னொரு மடங்கு வச்சுக்கோ. அதுதான் தோள் உயரம். எட்டரை அடி. பெரிய ஆளு!" என்றார். பிறகு மலையைப் பார்த்து, "அவுக நடந்த தடத்துல நாமதானே தோப்பு போட்டிருக்கோம்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல் இரு மடங்கு, யானையின் தோள் உயரத்துக்கு ஏறத்தாழச் சமம் என்பது யானைகளை ஆராய்வோர் இன்றும் பயன்படுத்தும் கணக்குதான். அதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்று என் மனத்தில் நின்றது வேறு. பார்க்காத ஓர் உருவத்தை, அது விட்டுச் சென்ற தடத்தைக் கொண்டே அளந்துவிடலாம் என்பதுதான் அது.

இப்போது நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் தயங்கியபடி வந்தார். கைப்பேசியில் பழைய ஜப்பானியப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். "சார், காட்ஸில்லா மாதிரி ஒண்ணு நெசமாவே இருக்க முடியுமா?" என்று கேட்டார். "முடியாது" என்றேன்; காரணத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "பொம்மைன்னு தெரியுது சார். ஆனா பார்க்கப் பயமா இருக்கே, அது ஏன்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் உடனே விடை இல்லை. இக்கட்டுரை அந்த இரண்டாம் கேள்விக்கான விடை.

முடியாது என்று சொல்லும் கணக்கு

1954ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் 'கோஜிரா' என்ற படம் வெளியாயிற்று. கொரில்லாவையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்ற ஜப்பானியச் சொல்லையும் சேர்த்துச் செய்த பெயர் அது. வெளிநாடுகளில் 'காட்ஸில்லா' ஆயிற்று. கடலடியில் வாழ்ந்த தொல்பழங்கால விலங்கொன்று ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பி வந்து டோக்கியோ நகரை நாசம் செய்வதுதான் கதை. விலங்கின் உயரம் 50 மீட்டர், அதாவது 164 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் இராஜகோபுரம் 192 அடி. காட்ஸில்லா நம் தேரடியில் வந்து நின்றால், கோபுரத்தைவிட 28 அடி தாழ்ந்தே நிற்கும். சிரிக்க வேண்டாம், அந்த அளவே அதற்குப் பெரும் சங்கடம்.

ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால், அதன் பரப்பு நான்கு மடங்காகும். கனஅளவோ எட்டு மடங்காகும். விலங்கின் எடை கனஅளவைப் பொறுத்தது. அந்த எடையைத் தாங்கும் எலும்பின் வலிமை, அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே உருவம் பெருகப் பெருக, சுமை முந்திக்கொண்டு ஓடுகிறது. தாங்கும் வலிமை பின்தங்குகிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கி, சிறிய எலும்பையும் பெரிய எலும்பையும் அருகருகே படமாக வரைந்து காட்டினார். பெரிய எலும்பு நீளத்தில் வளர்ந்ததைவிடத் தடிமனில் பன்மடங்கு வளர வேண்டியிருந்தது. நம் யானையின் கால்கள் தூண்களாக இருப்பதும், அது துள்ளிக் குதிக்காததும் இதனால்தான்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் உயிரியல் அறிஞர் 1926இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதனைப் போல் பத்து மடங்கு உயரமுள்ள கதைப் பூதங்களை எடுத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டார். அவற்றின் எலும்பில் ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். மனிதனின் தொடையெலும்பு ஏறத்தாழ அந்தச் சுமையில் முறிந்துவிடும். ஆகவே அந்தப் பூதம் ஓரடி எடுத்து வைத்தாலே கால் ஒடியும் என்பது அவர் முடிவு. இந்த ஹால்டேன் பிற்காலத்தில் நம் நாட்டுக்கே வந்து குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

இனிக் காட்ஸில்லாவுக்கு வருவோம். படத்தில் நாம் காண்பது ரப்பர் உடை அணிந்த ஒரு நடிகரைத்தான். அவர் உயரம் உடையோடு 2 மீட்டர் என்று கொள்வோம். 50 மீட்டர் என்பது அதைப் போல் 25 மடங்கு. முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ. நடிகரின் எடை 60 கிலோ என்றால், மொத்தம் 160 கிலோ. 25ஐ மும்முறை பெருக்கினால் 15,625. ஆகவே எடை 2,500 டன். பாதத்தின் பரப்போ 625 மடங்குதான் கூடும். எனவே காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 25 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். ஆனால் படத்தயாரிப்பாளர் தரப்பு காட்ஸில்லாவுக்குக் குறித்த எடை 20,000 டன். அது நம் கணக்கைப் போல் எட்டு மடங்கு! தரையில் நடந்த டைனோசார்களில் மிகப் பெரியவைகூட 70, 80 டன் அளவே இருந்திருக்கும் என மதிப்பிடுகிறார்கள். நீலத் திமிங்கிலம் 150 டன்னைத் தாண்டுகிறது என்றால், தண்ணீர் அதைத் தாங்குவதால்தான்.

ஆக, காட்ஸில்லா கரையேறிய கணமே தன் எடையால் தானே நொறுங்கிவிடும். கரும்பலகையில் நான் எழுதிக் காட்டியது இதைத்தான்.

கண் ஏன் நம்புகிறது?

பேருருவங்களைத் திரையில் காட்டுவது நமக்கும் புதிதன்று. காட்ஸில்லாவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1952இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து 'காடு' என்ற படத்தை எடுத்தது. அதில் என்றோ அழிந்துபோன மாமூத் என்னும் உரோம யானைகள் இந்தியக் காட்டில் வருகின்றன. மெய்யான யானைகளுக்கே உரோமப் போர்வை போர்த்தி நடிக்க வைத்தார்கள்! 1957இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் எஸ்.வி. ரங்காராவ் ஏற்ற கடோத்கசன் வேடத்தை மறந்தவர் உண்டோ? அதே படத்தில் நிலவொளியில் தோன்றும் துவாரகை நகரம், சென்னை வாஹினி ஸ்டூடியோவில் சுமார் 300 சிறு வீடுகளைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விளக்குப் பொருத்தி எடுத்தது. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கைவண்ணம் அது. ஜப்பானியப் படங்களின் புகழ் பரவியபின், 1966இல் பம்பாயை ஒரு கடல் பூதம் தாக்கும் 'கோகோலா' என்ற இந்திப் படமும் வந்தது.

ஆனால் துவாரகை அசையாத நகரம். அசையாத பொருளைச் சிறிதாகக் கட்டிப் பெரிதாகக் காட்ட ஒளியும் கோணமும் போதும். அசைகிற பொருளுக்கு, இடிந்து விழுகிற பொருளுக்கு, அது போதாது. சிறுவர்கள் கட்டிய மணல்வீடு சரிவதைப் படமெடுத்துத் திரையில் எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும், அது மணல்வீடாகவே தெரியும். ஏன்?

புவியீர்ப்பை யாரும் சிறிதாக்க முடியாது என்பதே காரணம். உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடைய ஆகும் நேரம், உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுர உயரத்திலிருந்து, அதாவது 58½ மீட்டரிலிருந்து, ஒரு கல் விழுவதாகக் கொள்வோம். தரையைத் தொட ஏறக்குறைய 3½ விநாடி ஆகும். அதே கோபுரத்தை 25இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்தால் உயரம் 2.34 மீட்டர்தான். அதன் உச்சியிலிருந்து விழும் கல் 0.7 விநாடியில் தரையைத் தொட்டுவிடும். உயரம் 25 மடங்கு குறைந்தது. நேரமோ 5 மடங்கு குறைந்தது. 25இன் வர்க்கமூலம் 5 அல்லவா?

நம் கண் இந்தக் கணக்கை அறியும்! சூத்திரமாக அன்று, பழக்கமாக. தேங்காய் விழுவதையும் மரம் சாய்வதையும் பிறந்தது முதல் பார்த்து வந்திருக்கிறோம். ஒரு பொருள் விழ எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்தே அது எவ்வளவு பெரியது என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டவர் எய்ஜி சுபுராயா. காட்ஸில்லா படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்தவர். 1933இல் வந்த அமெரிக்கப் படமான 'கிங் காங்'கைப் போல், பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாகப் படமெடுக்கவே அவர் விரும்பினார். அம்முறையில் எடுத்தால் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார். இருந்ததோ சில மாதங்கள். எனவே ஹருவோ நகாஜிமா என்ற நடிகருக்கு ரப்பர் உடையை மாட்டி, 25இல் ஒரு பங்கு அளவில் டோக்கியோ நகரைக் கட்டி, அதனுள் அவரை நடக்கவிட்டார். படம் பிடிக்கும்போது காமிராவை இயல்பைவிட வேகமாக ஓட்டினார்.

சாதாரணமாகக் காமிரா விநாடிக்கு 24 சட்டங்கள் எடுக்கும். திரையிலும் 24 சட்டங்களே ஓடும். விநாடிக்கு 120 சட்டங்கள் எடுத்து, 24 வீதம் ஓட்டினால் காட்சி 5 மடங்கு மெதுவாகும். 0.7 விநாடியில் விழுந்த மாதிரிக் கட்டடம் திரையில் 3½ விநாடி எடுத்துக்கொள்ளும். கண் ஏமாறிவிடும். 120 என்பது கணக்குச் சொல்லும் எண். ஒவ்வொரு காட்சியிலும் இதே வேகம் கையாளப்பட்டது என்று பொருளன்று. ஆனால் கொள்கை இதுதான்.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 5 மடங்கு வேகமாகப் படமெடுத்தால், ஒவ்வொரு சட்டமும் ஒளியைப் பெறும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே 5 மடங்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் கூடினால் வெப்பம் கூடும். அந்த விளக்குகளின் கீழே, கனத்த ரப்பர் உடைக்குள் நகாஜிமா நின்றார். முதலில் செய்த உடையை அணிந்து சில அடிகளே நடக்க முடிந்ததால், சற்று இலேசான உடையொன்றைப் பின்னர் செய்தார்கள். அதைக் கழற்றியபோதும் உள்ளிருந்து வியர்வையைக் கோப்பையில் வடித்தார்களாம். ஒரு வர்க்கமூலத்துக்கு அவர் செலுத்திய வரி அது!

மெதுவாகத் தெரிவது மெதுவன்று

இப்போது மாணவரின் கேள்விக்கு ஒரு பகுதி விடை கிடைக்கிறது. நாம் இயல்பாக நடக்கையில் ஓர் அடி எடுத்து வைக்க ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. கால் ஓர் ஊசல் போல் ஆடுகிறது. ஊசலின் அலைவு நேரமும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததே. 25 மடங்கு நீண்ட கால், ஓர் அடிக்கு இரண்டரை விநாடி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் காட்ஸில்லா மெதுவாக, அசைந்து அசைந்து நடக்கிறது. யானையின் நடையிலும் இந்தப் பெருமிதம் உண்டு.

ஆனால் அடியின் நீளமும் 25 மடங்கு ஆயிற்றே! நீளம் 25 மடங்கு, நேரம் 5 மடங்கு. எனவே வேகம் 5 மடங்கு. நாம் மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால், அது மணிக்கு 25 கிலோமீட்டர் நடக்கும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனும் அந்த வேகத்தில் நெடுந்தொலைவு ஓட முடியாது. பார்த்தால் நிதானம், தப்பிக்கவோ வழியில்லை. இப்படங்களின் அச்சம் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது. பாய்ந்து வரும் புலியின் அச்சம் வேறு. வெள்ளம் ஏறி வருவதைப் பார்த்து நிற்கும் அச்சம் வேறு. காட்ஸில்லா இரண்டாம் வகை.

ஒலியிலும் இதே தந்திரம். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பியில், பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எழுந்த ஒலியைப் பதிவு செய்தார். பின்பு ஒலிநாடாவை மெதுவாக ஓட்டினார்கள். பாதி வேகத்தில் ஓட்டினால் அதிர்வெண் பாதியாகும். வாத்தியமே இரு மடங்கு பெரிதானது போல் காது கொள்ளும். காட்ஸில்லாவின் கர்ஜனை பிறந்தது இப்படித்தான்.

ஒரே ஓர் இடத்தில் தந்திரம் தோற்றுவிடும். அது தண்ணீர். நீர்த்துளியின் அளவைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை. ஸ்டூடியோத் தொட்டியில் தெறிக்கும் துளி 4 மில்லிமீட்டர் இருந்தால், 25 மடங்குக் கணக்கில் அது 10 சென்டிமீட்டர். ஒரு சிறு தேங்காய் அளவு! கடலில் தேங்காயளவு துளிகள் தெறிப்பதைக் கண் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த முறை இத்தகைய படம் பார்க்கையில் கடற்காட்சிகளைக் கவனியுங்கள்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் காலித் தீப்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை இரண்டடி உயரச் சுவராக அடுக்குங்கள். கைப்பேசியில் மெதுவியக்கப் படமெடுக்கும் வசதி இருந்தால், விநாடிக்கு 120 சட்டங்கள் வைத்து, கைப்பேசியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, சுவரைத் தள்ளிவிட்டுப் படமெடுங்கள். விநாடிக்கு 30 சட்டங்கள் வீதம் ஓட்டினால் காட்சி 4 மடங்கு மெதுவாகும். 4இன் வர்க்கம் 16. இரண்டடிச் சுவர் 32 அடி மதில் சரிவது போல் தோன்றும். கேள்வி கேட்ட மாணவரும் செய்து பார்த்தார். படத்தின் பின்னணியில் ஒரு கோழி குறுக்கே நடந்தது. அது டைனோசார் போலவே இருந்தது!

வெள்ளைச் சாம்பல்

தந்திரம் மட்டுமே கவர்ச்சி என்றால், 1954இல் அந்தப் படத்தை ஜப்பானில் ஏறத்தாழ 96 இலட்சம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் விம்மி அழுதார்கள் என்கிறார்கள். ரப்பர் உடையைக் கண்டு யாரும் அழுவதில்லை.

அதே ஆண்டு மார்ச் 1ஆம் நாள், பசிபிக் கடலில் பிகினி என்ற பவளத்தீவுத் தொகுதியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சோதனையின் பெயர் 'பிராவோ'. குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 60 இலட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமாக இருக்கும் என்று கணித்திருந்தார்கள். வெடித்ததோ 150 இலட்சம் டன். ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. கணக்கு எங்கே பிழைத்தது? குண்டில் இருந்த லிதியத்தில் லிதியம்-6 என்ற ஐசோடோப்பு மட்டுமே வினையில் கலந்துகொள்ளும், லிதியம்-7 சும்மா இருக்கும் என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். அது சும்மா இருக்கவில்லை. மிக வேகமான நியூட்ரான்கள் தாக்கியதும் அதுவும் பிளந்து, எரிபொருளான டிரிட்டியத்தை ஈன்றது. இயற்பியல் ஆசிரியனான எனக்கு, இந்த வரலாற்றில் அடிக்கடி நினைவுக்கு வருவது இந்தப் பிழைதான். வகுப்பில் கணக்குத் தவறினால் மதிப்பெண் போகும். அங்கே தவறியது.

பிகினிக்குக் கிழக்கே, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே, 'ஐந்தாம் ஃபுகுரியூ மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடி கப்பல் 23 பேருடன் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. பெயருக்குப் பொருள் 'நற்பேற்று நாகம்'. விடியுமுன் மேற்கு வானம் வெளுத்தது. சில நிமிடங்கள் கழித்து இடிபோன்ற ஒலி வந்தது. பின்பு வானிலிருந்து வெள்ளைச் சாம்பல் பொழியத் தொடங்கியது. குண்டு ஆவியாக்கிய பவளப்பாறைதான் கதிரியக்கம் ஏறிச் சாம்பலாக விழுந்தது. இன்னதென்று அறியாமல் அவர்கள் வலைகளை இழுத்தார்கள். தளத்தில் நடந்தவர்களின் காலடித் தடம் பதியும் அளவுக்குச் சாம்பல் படிந்தது. மார்ச் 14இல் யாய்சு துறைமுகம் வந்து சேர்ந்தபோது 23 பேரும் கதிரியக்க நோயால் வாடினார்கள். கம்பியில்லாத் தந்தி இயக்கிய அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்தார். நாடெங்கும் மீன் வாங்க மக்கள் அஞ்சினார்கள். பிடித்த மீன் மண்ணில் புதைக்கப்பட்டது.

குபோயாமா இறந்து ஆறு வாரங்களில் காட்ஸில்லா திரைக்கு வந்தது. படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? கடலில் ஒரு சிறு கப்பல். தளத்தில் மாலுமிகள் ஓய்வாக இருக்கிறார்கள். திடீரென்று கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி. கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. அரங்கில் இருந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சற்று நேரத்தில் ஒரு தீவில் மாபெரும் காலடித் தடத்தைக் காண்கிறார்கள். விஞ்ஞானிகள் அதனுள் இறங்கி, கைகர் எண்ணியை வைத்துப் பார்க்கிறார்கள். தடத்தில் கதிரியக்கம். அக்காட்சியை நான் எம்.எஸ்சி. படிக்கும்போது விடுதியில் முதன்முதலாகப் பார்த்தேன். தாத்தாவின் கயிறு நினைவுக்கு வந்தது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர்முனையிலிருந்து திரும்பும் வழியில் அழிந்து கிடந்த ஹிரோஷிமாவைக் கண்டவர். எரியும் டோக்கியோவும், மருத்துவமனையில் வரிசையாகக் கிடத்தப்பட்ட காயம்பட்டோரும், கைகர் எண்ணியின் முன் நிறுத்தப்படும் குழந்தையும், அவர் கற்பனையில் செய்தவை அல்ல. 1956இல் அமெரிக்காவுக்கென்று இப்படத்தைத் திருத்தி வெளியிட்டபோது, அமெரிக்க நடிகர் ஒருவரைச் சேர்த்து, அணுகுண்டைப் பற்றிய பேச்சுகளைப் பெருமளவு வெட்டிவிட்டார்கள். பூதம் மிஞ்சியது, தடம் அழிந்தது. உலகில் பலர் முதலில் கண்டது அந்தப் படத்தைத்தான்.

விஞ்ஞானியின் கை

படத்தில் செரிசாவா என்ற விஞ்ஞானி வருகிறார். தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை அழித்து உயிர்களைக் கரைத்துவிடும் ஒரு முறையைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவர். காட்ஸில்லாவைக் கொல்ல அதைத் தரும்படி கேட்கிறார்கள். தந்தால் நாளை அதுவே ஆயுதமாகும் என்று மறுக்கிறார். நகரத்தின் துயரம் பொறுக்காமல் இறுதியில் இசைகிறார். ஆனால் குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டு, கடலடியில் கருவியை இயக்கியபின், அந்த அறிவு தன்னோடு அழியட்டும் என்று தன் உயிர்க்காற்றுக் குழாயைத் தானே வெட்டிக்கொள்கிறார்.

மெய்யுலகில் அறிவை எரிப்பது தீர்வன்று, அது முடிவதுமில்லை. அங்கே விஞ்ஞானிகள் வேறு வழியில் சென்றார்கள். கப்பலில் படிந்த சாம்பலை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து யுரேனியம்-237ஐக் கண்டுபிடித்தார்கள். குண்டின் இரகசிய அமைப்பையே அது காட்டிக்கொடுத்தது. அதனால் எவ்வளவு கதிரியக்கச் சாம்பல் உலகில் பரவும் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. இங்கேயும் ஒரு தடத்தை வைத்தே உருவத்தை அளந்தார்கள். 1954 ஏப்ரல் 2ஆம் நாள், பிராவோ வெடித்து ஒரு மாதம் ஆனபோது, இந்தியப் பிரதமர் நேரு அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று மக்களவையில் குரல் கொடுத்தார். வளிமண்டலத்தில் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை 1963இல் கையெழுத்தாயிற்று. அந்த மீன்பிடி கப்பல் 1976 முதல் டோக்கியோவில் ஒரு காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

வளரும் பூதம்

பின்னர் ரோடான், மோத்ரா, கமேரா என்று இராட்சத விலங்குகள் வரிசையாக வந்தன. ஜப்பானியர் இவற்றைக் 'கைஜு', அதாவது விந்தை விலங்கு, என்பார்கள். இவற்றை முற்றிலும் வெறுக்க முடியாமல் செய்வதுதான் இப்படங்களின் தனித்தன்மை. காட்ஸில்லா வில்லன் அல்ல. யாரோ தன் வீட்டில் தீ வைத்ததால் வெளியே வந்த விலங்கு அது.

அதன் உயரமும் மாறிக்கொண்டே வந்தது. 1954இல் டோக்கியோவில் பொதுவாக 31 மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டச் சட்டம் இடம் தரவில்லை. எனவே 50 மீட்டர் விலங்கு நகரத்துக்கு மேலே தலை நீட்டியது. பிறகு வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. 1984இல் காட்ஸில்லாவை 80 மீட்டராக்கினார்கள். 1991இல் 100 மீட்டர். 2016இல் 118½ மீட்டர். நாம் வளர வளர, நம் அச்சமும் நம்மைவிடச் சற்று உயரமாக வளர்ந்தது எனலாம். போர் முடிந்த காலத்தை மீண்டும் காட்டிய 2023ஆம் ஆண்டுப் படத்தில் அது பழையபடி 50 மீட்டருக்கே இறங்கியது. சிறு குழுவொன்று கணிப்பொறியில் செய்த அப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு 2024இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. ரப்பர் உடை போய்விட்டது, வர்க்கமூலம் போகவில்லை. கணிப்பொறிக்குள்ளும் கட்டடம் அதே விநாடிக் கணக்கில்தான் விழ வேண்டும்.

எங்கள் ஊர் மலை, 2021இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானைகள் இன்றும் தோப்பில் இறங்குகின்றன. தாத்தா இப்போது இல்லை. மரம் சாய்ந்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வலியிலும் அவர் சொன்ன வாசகத்தை மறக்க முடிவதில்லை.

அந்த மாணவரிடம் பின்னொரு நாள் சொன்னேன்: "காட்ஸில்லா இருக்க முடியாது, தம்பி. எலும்பு தாங்காது. அதன் காலடித் தடம் மட்டும் இருக்கிறது. பிகினியில் இருக்கிறது, ஒரு கப்பலின் தளத்தில் இருந்தது. நாம் போட்ட கணக்குகளில் எது பிழைத்தாலும் அது நாளை வேறெங்கோ பதியும். பொம்மை என்று தெரிந்தும் உனக்குப் பயம் வந்தது சரிதான்."

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப நான் படம் பார்க்குறது தப்பில்லையே சார்?" என்றார். தப்பே இல்லை. வாசகர்களும் பாருங்கள். பார்க்கும்போது, அது ஓர் அடி எடுத்து வைக்க எத்தனை விநாடி ஆகிறது என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.